கேட் படத்தின் மூன்றாவது டிஸ்க்

மகன், நம் டைரக்டரின் படம் கண்டியில் பெரிய திரையில் ஓடப்போகிறது, வருகிற சனிக்கிழமை காலை ஒரே ஒரு காட்சி, அரங்கு முழுக்க நம் ரசிகர் குழுவுக்கு மட்டும், எந்தப் படம் என்று தீர்மானிக்கும் கடைசி வாக்கு இந்த நிமிடம் உன் அம்மாவின் கையில் இருக்கிறது!

இதை ஃபோனில் கத்திச் சொல்லியிருப்பேன். அவருடைய புதுப் படத்துக்கு ஒரு போஸ்டர் வந்தால்கூட, நீ கொழும்பில் வேலையில் இருக்கும்போதே கோல் எடுத்துக் கத்துகிறவள்தானே நான். நீ "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று கிசுகிசுப்பாய். பிறகு நீயே மெதுவாகக் கேட்பாய், "போஸ்டர் என்ன கலரு?" என்று. இப்போது கோல் போகவில்லை. மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நீ என்னை ப்ளொக் செய்து பதினொரு நாளாகிறது. அதனால்தான் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வாசிக்கிற குழுப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். வெட்கமாக இல்லையா என்று கேட்காதே. நீ என்னைக் கேள்வி கேட்டதும் ஊரறியத்தான். பதிலும் ஊரறியவே வரட்டும்.

கோபமாக இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் எங்காவது என் குரல் இளகினால் நீ ஏமாந்துவிடக் கூடாது. உன் மேல் கோபம், டைரக்டர் மேல் கோபம், உன் அப்பா மேல் கோபம். என் மேலும்தான், ஆனால் அந்த இடத்துக்கு நான் மெதுவாகத்தான் வருவேன்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாதமாகக் குழுவில் ஒரே சண்டை. டைரக்டருடைய படங்களிலேயே உங்களுக்கு மிகப் பிடித்தது எது? ஒரு படம், ஒரு காரணம். காரணம் எழுதாத வாக்கு செல்லாது. அந்த விதியைப் போட்டது நான். 'சூப்பர்', 'வேற லெவல்' எல்லாம் காரணம் ஆகாது என்று எழுதியதும் நான். அடித்துப் பிடித்து, ஆளை ஆள் வைது, கடைசியில் இரண்டு படங்கள் மிஞ்சின. ஒன்று, நம் வீட்டில் 'கேட் படம்' என்று சொல்வது. ரயில் கடவையில் கேட் மூடித் திறக்கிற ஒருவன் வேறு வேலை தேடி ஒரு நாள் அந்தத் தண்டவாளத்திலேயே ரயிலேறிப் போய்விடுகிறான். அவன் மனைவி அந்த வேலையைத் தானே எடுத்துச் செய்து மகனை வளர்க்கிறாள். மற்றது, நீ தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற 'லொறிப் படம்'. அதன் கதையைச் சொல்வதைவிட அதில் அடி வாங்குகிறவர்களை எண்ணுவது சுலபம். நேற்று மாலையோடு வாக்கெடுப்பு முடிந்தது. என்னோடு சேர்ந்து குழுவைப் பார்த்துக்கொள்கிற பவானி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் பதறாமல் சொல்கிறவர், அவரே பதறிக்கொண்டு கோல் எடுத்தார். "ரெண்டும் சமன் தெரியுமே! நான் மூண்டுதரம் எண்ணிப் பாத்திட்டன். இனி உங்கட வோட்டுத்தான். ஆனா சொல்லிப்போட்டன், காரணம் எழுதோணும். உங்கட சட்டம்தானே." ஆமாம், என் சட்டம்தான். இந்தக் கடிதம்தான் நான் எழுதுகிற காரணம்.

இனி நீ யூடியூபில் போட்டுக் குழுவிலும் ஒட்டிய வீடியோவுக்கு வருகிறேன்.

பிலிமத்தலாவையில் நான் ஃபோன் திருத்துகிற கடையில் ஒருவருடைய ஃபோனுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தேன். பசை காயும்வரை கையை அசைக்க முடியாது. அந்த நேரத்தில் என் ஃபோனில் நீ வந்தாய். "வணக்கம் மக்களே, இன்னைக்கி ஒரு ஃபேமிலி மோசடிய பத்தி பேசப்போறோம்" என்றாய். சிரித்தேன். உன் முகம் திரையில் வந்தாலே சிரிப்பது என் பழக்கம், கோபமான நாளிலும். "எங்கம்மாவோட ஃபேவரிட் படம் இந்த ஒலகத்துலயே கெடையாது மக்களே. ஏன்னா அவங்க எனக்குச் சொன்ன க்ளைமாக்ஸ் அந்தப் படத்துலயே இல்ல!" என்றாய். அதற்கும் ஒரு சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தாய். வோட்டுக்காக முழுப் படத்தையும் இணையத்தில் தேடிப் பார்த்ததாகவும், பதினைந்து வருசமாக உன்னை ஏமாற்றியிருக்கிறேன் என்றும், கேட் படம் கண்ணைப் பிழியிற படம் என்றும், லொறிப் படத்துக்கு வோட்டுப் போடுங்கள் என்றும் சொன்னாய். சரி. விமர்சனம். நான் தாங்குவேன். அதற்குப் பிறகு கமராவைப் பார்த்துக் கண்ணடித்துக் கேட்டாயே, "படத்துல அந்தப் பையனோட அப்பா திரும்பி வந்துட்டாரு. நம்ம அப்பா மட்டும் ஏன் வரல மக்களே? கொமென்ட்ல சொல்லுங்க." அதற்கும் அதே சிரிப்புச் சத்தம். கடைசி நிமிடத்தில், போகிற போக்கில், "அடுத்த மாசத்துல இருந்து வீடியோ எல்லாம் கட்டார்ல இருந்து வரும், வேல கெடச்சிருச்சு" என்றாய். என் மகன் வெளிநாடு போகிறான் என்பதை நான் மற்ற சந்தாதாரர்களோடு சேர்ந்து தெரிந்துகொண்டேன். அதுவும் கட்டாருக்கு. உன் அப்பா போன அதே இடத்துக்கு. என் கை அசைந்துவிட்டது. அந்தக் கண்ணாடி கோணலாக ஒட்டியது. வாடிக்கையாளர், "என்னாங்கக்கா, அழுறீங்களா?" என்றார். "பசை வாடைங்க" என்றேன்.

அன்றைக்கே உன் வீடியோவைக் குழுவிலிருந்து அழித்தேன். உன்னையும் குழுவிலிருந்து வெளியே தள்ளினேன். ஆகவே முதலில் கதவை மூடியது நீ இல்லை, நான்தான். அதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி எழுதினால் மூன்று தடவை எச்சரித்துத்தான் நீக்குவேன். பெற்ற பிள்ளைக்கு ஓர் எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை. நிர்வாகியாக இருக்கிற வசதியை அம்மாவின் கோபத்துக்குப் பயன்படுத்தினேன். அசிங்கம்தான். ஆனால் அந்தச் சிரிப்புச் சத்தம் அதைவிட அசிங்கம், மகன்.

மோசடி என்றாய் அல்லவா? சரி, முழு மோசடியையும் சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது பாதிதான்.

உன் மாமா, என் அண்ணன், அப்போது கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட வீசிடிக் கடை வைத்திருந்தார். நான் அங்கே வேலை. எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை, கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். வாடகைக்குப் போய்த் திரும்பி வருகிற டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். கீறல் இருந்தால் பஞ்சுத் துணியில் டூத்பேஸ்ட் தொட்டு, நடுவிலிருந்து வெளியே நேராகத் தேய்ப்பேன், வட்டமாகத் தேய்த்தால் இன்னும் கெட்டுப்போகும். அதற்கும் சரிவராவிட்டால் சிவப்பு மார்க்கரில் பெருக்கல் மாதிரி ஒரு கத்திரிக் குறி போட்டுத் தனியாக வைத்துவிடுவேன். பளபளப்பான அடிப்பக்கத்தில் விழுகிற கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம். பெயர் எழுதுகிற மேல்பக்கத்தில் ஆழமாகக் கீறிவிட்டால் எடுக்கவே முடியாது. படம் இருப்பது அந்தப் பக்கத்துக்குத்தான் கிட்ட. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. கடையில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

நீ ஐந்தாம் ஆண்டு படித்த வருசம். அந்த வருசத்தில் இந்த நாட்டில் ஓர் அம்மா எப்படி இருப்பாள் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புலமைப்பரிசில் பரீட்சை. காலையில் க்ளாஸ், பள்ளிக்கூடம், பிறகு மறுபடியும் க்ளாஸ். டிவிக்குத் துணி போட்டு மூடியாயிற்று. சொந்தக்காரர்களுக்கு, "பரீட்ச முடியிற வரைக்கும் வராதீங்க" என்று சொல்லியாயிற்று. உனக்கு மூக்கடைத்துத் தடிமன் வந்தால் எனக்குக் காய்ச்சல் வந்தது. உன் அப்பா கட்டாருக்குப் போய் அப்போது ஆறு வருசம். முதல் இரண்டு வருசம் வாரம் ஒரு கோல். பிறகு மாதம் ஒன்று. பிறகு தீபாவளிக்கு. பிறகு அதுவும் இல்லை. நீ கேட்பதையும் நிறுத்திவிட்டிருந்தாய். அது எனக்கு நிம்மதியாக இருந்தது, வேறென்ன சொல்ல.

பரீட்சைக்கு இரண்டு கிழமை, பதினாலே நாள், இருக்கும்போது ஒரு பின்னேரம் கடை ஃபோன் அடித்தது. எடுத்தால் அவர். "நான்தான். குட்ஷெட்ல நிக்கிறேன்."

ஆமாம் மகன். வந்தார். நீ கமராவைப் பார்த்துக் கண்ணடித்துக் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். நம்ம அப்பாவும் வந்தார்.

கடையிலிருந்து ஐந்து நிமிட நடை. நான் ஓடினேனா நடந்தேனா என்று நினைவில்லை. தெல்தெனிய பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பையோடு நின்றார். மெலிந்திருந்தார். கையில் ஒரு பெட்டி, அதில் சிவப்பு நிற ரிமோட் கார். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார், நான் சிரிக்கவில்லை.

"புள்ள எங்க?" என்றார்.

"க்ளாஸ்ல."

"எத்தன மணிக்கு முடியும்? பாத்துட்டுத்தான் போவேன்."

"பாத்து என்னாத்த கிழிக்கப் போறீங்க? பரீட்சைக்கு ரெண்டு கிழமதான் இருக்கு. இப்ப ஒங்களப் பாத்தான்னா மனசு பூரா அங்கிட்டுப் போயிரும். பரீட்ச முடிஞ்சோன்ன வாங்க."

"ரெண்டே ரெண்டு நிமிசம். தூரத்துல நின்னு பாத்துக்கிறேன். அவனுக்குத் தெரியக்கூட வேணாம்."

"ஆறு வருசமா தூரத்துலதான நின்னீங்க? அதையே செய்ங்க."

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "நீ இன்னும் கோவமாத்தான் இருக்க" என்றார். "கோவப்பட எனக்கு எங்க நேரம் இருந்திச்சு?" என்றேன். கார்ப் பெட்டியை என் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறினார். தெல்தெனியாவில் அவர் தங்கச்சி வீடு. அவ்வளவுதான். மொத்தமே ஒரு பாட்டு முடிகிற நேரம்.

அந்தக் காரை மாமா வாங்கித் தந்ததாகச் சொன்னேன். நீ எடுக்கிற ஒவ்வொரு வீடியோவிலும் உன் முதுகுக்குப் பின்னால், புத்தக ராக்கையில் மேல் தட்டில் நிற்கிறதே ஒரு சிவப்புக் கார், ரசிகர்கள் கேட்டால் "எங்க மாமா குடுத்த முதல் கிஃப்ட்" என்று காட்டுவாயே, அதேதான். உன் வீடியோவில் நீ அந்தக் கேள்வியைக் கேட்டபோதும், கட்டார் என்று சொன்னபோதும் அந்தக் கார் உன் தோளுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் என் கை அசைந்தது. பசை வாடை இல்லை.

நீ பாஸ் பண்ணினாய். நல்ல பள்ளிக்கூடம் கிடைத்தது. எல்லோரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. அவர் வரவில்லை. வரமாட்டார் என்று எனக்குத் தெரியும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நானும் கோல் எடுக்கவில்லை. வரவேண்டியவர் அவர்தானே என்று இருந்தேன். பல வருசம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவர் தங்கச்சி என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே ஒரு மாசம் இங்கதான் இருந்திச்சு அண்ணி. பரீட்ச முடிஞ்சதும் நீங்க கோல் எடுப்பீங்கனு ஃபோன் பக்கத்துலயே ஒக்காந்திருந்திச்சு. லீவு முடிஞ்சதும் போயிருச்சு" என்றார். நான் 'வாங்க' என்றேன், அவர் 'கூப்பிடுவாள்' என்று நினைத்தார். நான் கூப்பிடவில்லை. அவர் வரவில்லை. இரண்டு பேரும் ரோசக்காரர்கள். நடுவில் நீ. அன்றைக்கு என் தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நீ, "கல்யாணச் சாப்பாடு எப்பிடிம்மா?" என்று கேட்டாய். "உப்புக் கூடிப்போச்சு" என்றேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது படத்துக்கு வா. உன் பரீட்சை முடிவு வந்த மாதத்தில்தான் கேட் படம் எங்கள் கடைக்கு வந்தது, மூன்று டிஸ்க்கில். மூன்றும் ஓடுகிறதா என்று காலையில் சோதித்துப் பார்ப்பது என் வேலை. நான் சோதிக்கவில்லை, உட்கார்ந்து பார்க்கவே தொடங்கிவிட்டேன். மழை விட்ட பிறகு அவள் சட்டைத்துணி காய்கிற கம்பியிலேயே பச்சைக்கொடி காய்கிற காட்சியில், கடைக்கு வந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் 'பொறுங்க' என்றேன். இந்த மனிதன் யாரிடம் கேட்டு என் வாழ்க்கையைப் படமெடுத்தான் என்று இருந்தது. மூன்றாவது டிஸ்க் போட்டேன். பதினைந்து வருசத்துக்குப் பிறகு ரயில் நிற்கிறது, அவன் இறங்குகிறான், கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறான். ஒரு கேள்வி இல்லை. எங்கேயடா போனாய் என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் கை கேட் கம்பிக்குப் போகிறது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. திறக்கப்போகிறாள்! பிளேயரை நிறுத்தினேன். டிஸ்க்கை வெளியே எடுத்தேன். மேசையில் கிடந்த ஸ்க்ரூ ட்ரைவரால் மேல்பக்கத்தில் இழுத்தேன். இரண்டு இழுப்பு. கீறல் தெரியாமல் அதன் மேலேயே சிவப்பு மார்க்கரால் கத்திரிக் குறி போட்டேன். அண்ணனிடம், "மூணாவது கீறலா வந்திருக்கு, நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை நாம் இரண்டு பேரும் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இரண்டு டிஸ்க் பார்த்தோம். நான் எழுந்து போய் மூன்றாவதைப் போட்டேன். ஓடாது என்று தெரிந்தே போட்டேன். "கடைசியில என்னாம்மா ஆகும்? அவங்கப்பா வருவாரா?" என்று கேட்டாய். "வரமாட்டாரு. அந்தம்மா கடேசி வரைக்கும் கேட்ட நல்லா பாத்துக்குவாங்க. பையன் படிச்சு எஞ்சின் டிரைவர் ஆயிருவான். அவன் ஓட்டுற ரயிலுக்கு அவங்கம்மாவே கேட்ட மூடி வழி விடுவாங்க. அவன் ஹோர்ன் அடிச்சுக்கிட்டே போவான்." நீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சூப்பர் படம்மா" என்றாய். இன்றைக்கும் சொல்கிறேன், என் முடிவுதான் நல்ல முடிவு. உன் வீடியோவுக்குக் கீழேயே எத்தனை பேர் அப்படி எழுதியிருந்தார்கள், நீ பார்த்திருப்பாய். டைரக்டர் இதை வாசித்தால் அவருக்கும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் நீ விடவில்லை. கடையில் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாய் அல்லவா. மறுநாள் பார்த்தால், வாசல் படியில் குந்திக்கொண்டு, பஞ்சுத் துணியில் டூத்பேஸ்ட் தொட்டு அந்த டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நடுவிலிருந்து வெளியே, நேராக. ஒருநாள் இல்லை மகன், மாதக்கணக்கில். லீவு நாள் வந்தால் தேய்ப்பாய், கழுவுவாய், பிளேயரில் போடுவாய், ஓடாது. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. கீறல் மேல்பக்கத்தில் இருந்தது. நான் சோறு வடித்துக்கொண்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "விடு மகன், பேஸ்ட் தீர்ந்திரும்" என்று மட்டும் சொன்னேன். நான் செய்ததிலேயே மோசமானது எது என்று என்னைக் கேட்டால், பஸ் ஸ்டாண்டைச் சொல்லமாட்டேன். அந்த டூத்பேஸ்ட்டைத்தான் சொல்வேன்.

போதும், இளகிவிட்டேன். மறுபடியும் கோபத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பதினொரு நாளில் ஒன்று நடந்தது. உன் வீடியோவைப் பார்த்த ஆத்திரத்தில், நீ சொன்ன முடிவு சரியா என்று பார்க்க, நானும் முழுப் படத்தையும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். அன்றைக்கு நான் நிறுத்திய இடம் வந்தது. அவன் நிற்கிறான். அவள் கை கம்பியில் இருக்கிறது. இந்த முறை நிறுத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அவள் உடனே திறக்கவில்லை மகன். கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் அந்தப் பையன் நிற்கிறான், வளர்ந்தவன், மீசை அரும்பியவன். அவனிடம் ஒரே ஒரு சொல் கேட்கிறாள்: "தெறக்கவா?" அவன் உடனே தலையாட்டவில்லை. யோசிக்கிறான். ரயில் போய் மறையும்வரை யோசிக்கிறான். பிறகுதான் தலையாட்டுகிறான்.

நான் எழுந்துபோய்ப் பிளேயரை நிறுத்திய இடத்துக்கு அடுத்த சில விநாடியில் அது இருந்திருக்கிறது. பதினைந்து வருசமாக நான் அந்த மனுசி மேல் கோபமாக இருந்தேன், கேள்வி கேட்காமல் திறந்துவிட்டாள் என்று. அவள் கேட்டாள். கேட்கவேண்டிய ஆளைக் கேட்டாள். உன்னைக் கேட்காமல் முடிவெடுத்தவள் நான். பஸ் ஸ்டாண்டில் உனக்குப் பத்து வயசு, சரி, பரீட்சை, சரி. பதினைந்தில் கேட்டிருக்கலாம். இருபதில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உன் மேல் ஏன் இன்னும் கோபம் என்கிறாயா? நீ அந்தக் காட்சியைச் சொல்லவே இல்லையே! "அப்பா வாறாரு, அம்மா கேட்ட தெறக்கிறாங்க, எல்லாரும் அழுறாங்க, சுபம்" என்று முடித்துவிட்டாயே! நீ எல்லாம் ஒரு விமர்சகனா? எனக்குத் தெரியும், நீ ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் படம் பார்ப்பாய். பவானி டீச்சரிடம் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறாய், 'நேரம் மிச்சம்' என்று. அந்த வேகத்தில் அந்தப் பையன் யோசிக்கிற யோசனை காணாமல் போய்விடும் மகன். படமே அந்த யோசனைதான். ஊருக்கு விமர்சனம் சொல்ல வந்தால் உள்ளபடி உள்ள வேகத்தில் பார். அவ்வளவு மரியாதைகூட இல்லாமல் ஒரு படத்தைக் கண்ணைப் பிழியிற படம் என்று சொல்லாதே. நான் படத்தைக் கீறினேன், நீ ஓட்டிவிட்டாய். இரண்டு பேரும் ஒரே காட்சியைத்தான் தொலைத்திருக்கிறோம்.

ஆக என் வாக்கு கேட் படத்துக்கு. என் மகன் அந்த யோசனையைப் பெரிய திரையில், ஓட்ட முடியாத, நிறுத்த முடியாத இடத்தில் பார்க்க வேண்டும். காரணம் எழுதியாயிற்று டீச்சர், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லொறிப் படக்காரர்கள் என்னைத் திட்டலாம், மூன்று எச்சரிக்கை வரை.

மகன், உன் ஃபிளைட்டுக்கு முந்திய சனிக்கிழமை அது. போகிறவனுக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் இல்லை. அங்கே போய், நான் கோல் எடுக்கட்டும் என்று நீ உட்கார்ந்திருக்காதே. நீ எடுக்கட்டும் என்று நானும் உட்கார்ந்திருக்க மாட்டேன். நம் வீட்டில் ஒருதரம் அப்படி இருந்து பார்த்தாயிற்று. உன்னைக் குழுவில் மறுபடியும் சேர்த்துவிட்டேன். உன் வீடியோவையும் திரும்பப் போட்டிருக்கிறேன், அந்தச் சிரிப்புச் சத்தத்தோடு. அழுதுகொண்டே போட்டேன், ஆனால் போட்டுவிட்டேன். அவர் தங்கச்சியிடம் நேற்று தெல்தெனியாவுக்குப் போய் ஒரு நம்பர் வாங்கி வந்தேன். கட்டார் நம்பர். நான் கோல் எடுக்கவில்லை. மூன்றாவது டிஸ்க்கின் உறையில் எழுதி வைத்திருக்கிறேன். டிஸ்க் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது, அடிப்பக்கம் இன்னும் மின்னுகிறது.

இதை வாசிக்கிற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். என் கோல் அவனுக்குப் போகாது. உங்களுடையது போகும். இதைப் பகிருங்கள், அவனுக்கு அனுப்புங்கள், அவன் வீடியோக்களுக்குக் கீழே எல்லாம் கொண்டுபோய் ஒட்டுங்கள். எனக்காகப் பரிந்து அவனைத் திட்டாதீர்கள், அந்த உரிமை எனக்கு மட்டும்தான். சனிக்கிழமை காலை கண்டிக்கு வாருங்கள், அம்மாவையோ பிள்ளையையோ யாரிடம் கோபமாக இருக்கிறீர்களோ அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நடுவரிசையில் என் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவேண்டாம். அது பிடிக்கப்பட்ட இடம்.

மகன், அந்த இருக்கையில் வந்து உட்கார். கேட் அருகே அவள் திரும்பும்போது நான் எழுந்து போகமாட்டேன். படம் முடிந்ததும் அந்த உறையை உன் கையில் தருவேன். அதற்கு முன்னால், இவ்வளவு வருசம் கேட்காததை, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசி.

தெறக்கவா?